தூரத்தை வேகத்தால் வகுத்தேன், விமானத்தைக் கோட்டை விட்டேன்

முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக வேலை பார்த்தவள் நான். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டிருப்பேனோ தெரியாது. அதே வகுத்தலை நம்பிப் போய்த்தான் கடந்த நவம்பரில் சென்னையில் சிங்கப்பூர் விமானத்தை ஏழு நிமிடத்தில் தவறவிட்டேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. விடை மட்டும் தப்பு. என்னைப் போலத் தனியாக, முதல் தடவை இரண்டு விமானம் மாறிப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் 37,350 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஏழாம் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு வளைகாப்பு. அம்மா வீட்டுச் சீராக விளக்குத்தூண் பக்கம் அலைந்து பச்சையும் சிவப்புமாக எட்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கியிருந்தேன். மாப்பிள்ளை, "அத்தை, டிக்கெட்டை நான் போட்டுடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர் இறந்து நாலு வருடமாகிறது; வங்கி, வரி, கேஸ் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன், இது என்ன பெரிய விஷயம் என்று ஒரு வீம்பு. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மதுரைக்காரர்களுக்குச் சிங்கப்பூர் போக நல்ல வழி ஒன்று உண்டு, திருச்சி. அங்கிருந்து நேரடி விமானம் இருக்கிறது. மதுரையிலிருந்தே நேரடியாகவும் உண்டு என்றாலும் எனக்கு வேண்டிய நாளில் அது இல்லை. நான் என்ன செய்தேன்? இரண்டு விமான நிலையத்தின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். சென்னை–சிங்கப்பூர் சுமார் 2,920 கிலோமீட்டர், 4 மணி 8 நிமிடம். திருச்சி–சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். ஆகா, சென்னைதான் கிட்ட! மதுரை–சென்னை 417 கிலோமீட்டர், 1 மணி 1 நிமிடம். ஒரு மணி நேரத்தில் சென்னை, அங்கிருந்து நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். விலையும் தோதாக இருந்தது. திருச்சி வழியாகப் போய்வர அன்றைக்கு 31,000 காட்டியது. சென்னை–சிங்கப்பூர் போய்வர 24,600, மதுரை–சென்னை தனி டிக்கெட் 3,200, மொத்தம் 27,800. திரும்பும்போது சென்னையிலிருந்து ரயிலில் வந்துகொள்ளலாம். 3,200 ரூபாய் மிச்சம் என்று அடிக்கோடு போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை 6.35-க்கு மதுரை விமானம். ஒரு மணி நேரம் சேர்த்தால் 7.36. சிங்கப்பூர் விமானம் இரவு 11.10. நடுவில் மூன்றரை மணி நேரம் இருக்கிறதே, காபி குடித்து, செபம் சொல்லி, ஒரு தூக்கமே போடலாம் என்று நினைத்தேன்.

அந்த 1 மணி 1 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் உட்கார்ந்து பார்த்தேன். பூமி உருண்டையின் மேல் மதுரைக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் என்ன நீளம் வருமோ அதுதான் 417. அதை மணிக்கு 805 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து வகுத்திருக்கிறார்கள். 31 நிமிடம் வருகிறது. ஏறி இறங்க என்று எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு 30 நிமிடம் கூட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் ரகசியம். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் எழுதியும் இருந்தது. நான் படிக்கவில்லை. வினாத்தாளை முழுசாகப் படி, படி என்று பிள்ளைகளைக் கத்தியவள்!

ஆனால் எனக்கு வந்ததோ ஏடிஆர் 72, இறக்கைக்கு ஒரு விசிறியாக இரண்டு விசிறி சுற்றுகிற சின்ன விமானம். அது மணிக்கு 500 கிலோமீட்டர் போனாலே அதிகம். 805 அதற்குக் கனவு. போதாததற்கு, விமானம் நூல் பிடித்தாற்போல் பறப்பதும் இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிர்முகமாக இறங்க வேண்டும், அதற்காகச் சுற்றி வர வேண்டும். முன்னால் நாலு விமானம் வரிசையில் நின்றால் காத்திருக்க வேண்டும். டிக்கெட்டில் 6.35 புறப்பாடு, 8.05 வருகை என்றுதான் அச்சடித்திருந்தது. அதாவது ஒன்றரை மணி நேரம். அது நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பிப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்து மறுபடி நிற்பது வரைக்குமான நேரம். பறக்கும் நேரம் அதற்குள் ஒரு பகுதிதான். நான் டிக்கெட்டில் இருந்த நேரத்தை விட்டுவிட்டு இணையதளத்து நேரத்தை நம்பியிருக்கிறேன். விமான நிறுவனம் போடுகிற நேரம்தான் கணக்குக்கு ஆகும். தூரம் காட்டும் தளம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஒரு குத்துமதிப்பு தெரிந்துகொள்ள மட்டும் போதும்.

முதல் அடி மதுரையிலேயே விழுந்தது. உள்நாட்டு டிக்கெட்டில் பெட்டிக்கு 15 கிலோதான். என் பெட்டி 24 கிலோ. சிங்கப்பூர் டிக்கெட்டில் 25 கிலோ வரை உண்டு என்று தைரியமாகக் கட்டியிருந்தேன். வளையல், பட்டுப்புடவை, சுண்டைக்காய் வற்றல், ஒரு கிலோ அதிரசம். கசகசா மட்டும் எடுக்கவில்லை, சிங்கப்பூரில் அதற்குத் தடை என்று மகள் பத்து முறை சொல்லியிருந்தாள். கவுண்டரில் இருந்த பையன் இன்னொரு டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் ஒரே பிஎன்ஆர் இல்லையே மேடம்" என்றான். அதாவது, இரண்டும் ஒரே பதிவு எண்ணில் போட்ட டிக்கெட் இல்லை. 9 கிலோவுக்கு 4,950 ரூபாய். மிச்சம் பிடித்த 3,200 பெருங்குடி விமான நிலையத்தைத் தாண்டுமுன்பே போய்விட்டது. மதுரையிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரே டிக்கெட்டாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் வெளிநாட்டுக்கான எடைதான் மதுரையிலும் செல்லும், பெட்டியும் நேராகப் போய்விடும். தனித்தனியாகப் போட்டால் இரண்டில் எது குறைச்சலோ அந்த எடைக்குத்தான் கட்ட வேண்டும்.

ஆறரை ஆயிற்று, விமானத்தைக் காணோம். அன்றைக்குச் சென்னையில் மழை. எங்களை ஏற்றிப் போக வேண்டிய விமானம் சென்னையிலிருந்தே தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. இந்தச் சின்ன விமானங்கள் காலையிலிருந்து ஊர் ஊராகப் போய்வந்துகொண்டே இருக்கும், காலையில் பத்து நிமிடம் பிந்தினால் சாயங்காலத்துக்குள் அது வட்டியும் முதலுமாகச் சேர்ந்துவிடும். அதனால் முக்கியமான பயணத்துக்கு அன்றைய முதல் விமானமே மேல். சாயங்கால விமானத்தைக் கையால் தொடக்கூடாது, அதுவும் ஐப்பசி கார்த்திகையில். 7.40-க்கு நகர்ந்தோம். சென்னை வந்தாயிற்று என்று கீழே விளக்குகள் தெரிந்தன, அப்புறம் மறைந்தன, அப்புறம் மறுபடியும் தெரிந்தன. இருபத்தைந்து நிமிடம் சுற்றினோம். பக்கத்து இருக்கைத் தம்பி நிம்மதியாகத் தூங்கினான். நான் ஜன்னலில் ஒழுகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் கழித்துக்கொண்டே வந்தேன்.

9.20-க்கு இறங்கியது. நிற்க எட்டு நிமிடம். பஸ் வந்து ஏற்றிக்கொண்டு முனையத்துக்குப் போகப் பன்னிரண்டு. பெட்டி வருகிற பட்டையின் முன்னால் நின்றேன். நான் வாழ்க்கையில் எந்த ரிசல்ட்டுக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. அதே கறுப்புப் பெட்டி ஒன்று நாலு தடவை சுற்றிப் போனது, யாரும் எடுக்கவில்லை. என் பச்சைப் பெட்டி 9.58-க்கு வந்தது. தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். உள்நாட்டு முனையம் வேறு, பன்னாட்டு முனையம் வேறு. 2023 ஏப்ரலில் திறந்த புதுக் கட்டடம் அது. வழி கேட்டுக் கேட்டுத்தான் போனேன். சாரல் அடிக்கிறது, வண்டியின் ஒரு சக்கரம் இடது பக்கமே இழுக்கிறது, புறப்பாடு மேல் தளத்தில் என்பது லிப்ட் முன்னால் கூட்டத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்க்கிற வரிசை. கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 10.17.

"மேடம், கவுண்டர் 10.10-க்கே குளோஸ் ஆயிடுச்சு."

"விமானம் 11.10-க்குத்தானேம்மா? இன்னும் அம்பத்து மூணு நிமிஷம் இருக்கே."

அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கோபமே படாமல், "பெட்டி போடணும்ல மேடம், ஒரு மணி நேரம் முன்னாடி க்ளோஸ் பண்ணிடுவோம்" என்றாள். கெஞ்சினேன். வளைகாப்பு என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதும் விட்டேன். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், போர்டிங் பாஸை நீட்டவில்லை. 11.10 விமானம் என்பது பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு 10.10 விமானம். சில நிறுவனங்கள் 75 நிமிடத்துக்கு முன்பே மூடுகின்றன. டிக்கெட்டில் போட்டிருக்கிற புறப்பாட்டு நேரத்தை அடித்துவிட்டு, கவுண்டர் மூடும் நேரத்தைத்தான் புறப்பாடு என்று எழுதிக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் என்னிடம் இருந்த இடைவெளி மூன்றரை மணி நேரம் இல்லை. 8.05-லிருந்து 10.10 வரை, இரண்டு மணி ஐந்து நிமிடம். அதில் பஸ், பெட்டி, நடை, வரிசை ஆகியவற்றுக்கு எனக்கு ஆனது ஐம்பது நிமிடம். தாமதத்துக்கு மிஞ்சியது ஒன்றேகால் மணி நேரம்தான். மழைக்காலத்தில் அது எந்த மூலைக்கு?

முதல் விமான நிறுவனத்தின் மேசைக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போட்டேன். "நீங்க சென்னைக்குத்தான் டிக்கெட் வாங்கினீங்க, சென்னையில இறக்கிட்டோம்" என்றார்கள். கேட்க எரிச்சலாக இருந்தாலும் அது உண்மை. தனித்தனி டிக்கெட்டில் நடுவில் அறுந்தால் இரண்டு பேருக்கும் நாம் வேண்டாதவர். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் தலைவலி. அந்தப் பாதுகாப்புக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுக்கலாம் என்பது என் இப்போதைய அபிப்பிராயம்.

நடுராத்திரி தள்ளுவண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். மகளுக்குப் போன் போடப் பயம், வயிற்றுப்பிள்ளைக்காரி. மாப்பிள்ளைக்குப் போட்டேன். அங்கே மணி இரண்டரை. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, "அத்தை, முதல்ல எங்கேயாவது போய்ப் படுங்க, காலைல பாத்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் என்ன கேட்டாலும் கொடுக்கலாம். பல்லாவரத்தில் ஒரு லாட்ஜ், 1,900 ரூபாய், போகவர ஆட்டோ 400. விசிறிச் சத்தம் அந்த ஏடிஆர் மாதிரியே இருந்தது. தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை 10.15 விமானத்துக்கு ஒரு வழி டிக்கெட் 19,850. அதைப் போடும்போதுதான் மாப்பிள்ளை இன்னொரு குண்டைப் போட்டார். போகிற பயணத்தில் ஏறாமல் விட்டால் வருகிற பயணமும் தானாகவே ரத்தாகிவிடும். பெரும்பாலான நிறுவனங்களில் இதுதான் விதியாம். எனக்கும் ரத்தாகிவிட்டது. விமானத்தைப் பிடிக்க முடியாது என்று தெரிந்த நொடியே, கவுண்டர் மூடுவதற்கு முன்னால், நிறுவனத்துக்குப் போன் செய்து தேதியை மாற்றச் சொல்லியிருந்தால் ஒரு கட்டணத்தோடு தப்பித்திருக்கலாம். நான் பெட்டிக்குக் காத்திருந்த அந்தப் பதினெட்டு நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய வேலை அது. அப்போது நான் செய்தது பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டது.

ஒன்று மட்டும் திரும்பக் கிடைத்தது. ஏறாத டிக்கெட்டாக இருந்தாலும், அதில் வாங்கிய அரசு வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் பயணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், டிஜிசிஏ, விதி வைத்திருக்கிறது. அடிப்படைக் கட்டணம் போனாலும் இது நம் பணம். யாரும் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். எழுதிக் கேட்டேன், மூன்று வாரம் கழித்து 3,150 ரூபாய் வந்தது. நான் எடுத்திருந்த பயணக் காப்பீடு மருத்துவச் செலவுக்கு மட்டும். விமானத்தைத் தவறவிட்டால் தருகிற காப்பீடும் உண்டு, ஆனால் நடுவில் குறைந்தது இத்தனை மணி நேரம் விட்டிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இருக்கும். வாங்குமுன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

சனிக்கிழமை மாலை 5.05-க்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். 10.15-லிருந்து 5.05 வரை என்றால் ஆறு மணி ஐம்பது நிமிடம் போலத் தெரியும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, அதைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். டிக்கெட்டில் போட்டிருப்பது எப்போதுமே அந்தந்த ஊர் மணி. இது தெரியாமல் பயண நேரத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறவர்கள் என் ஓய்வு பெற்ற ஆசிரியர் வட்டத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள். இன்னொன்று, நள்ளிரவு 12.40 சனிக்கிழமை என்று போட்டிருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரியே போய் நிற்க வேண்டும்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. பெட்டியைத் திறந்தால் எட்டு டஜனில் ஏழு வளையல் உடைந்திருந்தது, எல்லாம் பச்சை. அதிரசம் ஒன்றுகூட உடையவில்லை, என் கைப்பக்குவம் அப்படி.

அடுத்த நாள் மாப்பிள்ளை ஃப்ளைட்ரேடார்24 என்ற செயலியில் நான் வந்த மதுரை விமானத்தின் எண்ணைப் போட்டுக் காட்டினார். கடந்த ஒரு வாரம் அது எப்போது கிளம்ப வேண்டியது, எப்போது கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது எல்லாம் வரிசையாக வருகிறது, காசு இல்லாமல். ஏழு நாளில் ஒரே ஒரு நாள்தான் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் இதைப் பார்த்திருந்தால் போதும். அப்புறம் அவர் தில்லியில் இருக்கும் தன் நண்பர் கதையைச் சொன்னார். 2025 ஏப்ரலிலிருந்து பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடிவிட்டதால், தில்லியிலிருந்து ஐரோப்பா போகும் நம் ஊர் நிறுவன விமானங்கள் தெற்கே சுற்றிக்கொண்டு போகின்றன. இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்த தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை, பயண நேரம் மட்டும் கூடிவிட்டது.

சென்னை வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் மதுரைக்காரர்களுக்கு என் யோசனை வைகை எக்ஸ்பிரஸ். காலை ஏழு மணிக்கு முன் ஏறினால் மதியம் இரண்டுக்குள் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம். பெட்டி எடை பார்க்கிறவர் யாரும் இல்லை. ராத்திரி விமானத்துக்கு எட்டு மணி நேரம் முன்பே போய்க் காலாட்டிக்கொண்டு இருக்கலாம். அலுப்புத்தான், ஆனால் லாட்ஜ் அலுப்பைவிட மேல்.

திரும்பி வர, ரத்தான டிக்கெட்டுக்குப் பதிலாகச் சிங்கப்பூர்–திருச்சி நேரடி விமானம், 13,400 ரூபாய். பகல் 12.50-க்குக் கிளம்பி 2.35-க்குத் திருச்சி. 2024 ஜனவரியில் திறந்த புது முனையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் பிடித்து விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் தாண்டி மாட்டுத்தாவணியில் இறங்கியபோது இருட்டி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. யாரிடமும் கெஞ்சவில்லை, ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் மிட்டாய்க்கு வந்து நின்றான். மேசையில் கிடந்த போர்டிங் பாஸையும் என் நோட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், சிங்கப்பூர்ல இருந்து ஒண்ணே முக்கா மணி நேரத்துல வந்துட்டீங்களா?" என்று கேட்டான்.

மிட்டாயை அப்புறம் தருகிறேன், உட்கார், முதலில் பென்சிலை எடு என்றேன்.